சூரியனின் கோபத்துக்கு எல்லை எது? 1,250 ஆண்டு பழைய மர வளையம் சொல்லும் கணக்கு

2024 மே மாதம், லடாக்கின் ஹன்லே பகுதியில் ராத்திரி வானம் சிவப்பாக மின்னிய படங்கள் வைரலானது ஞாபகம் இருக்கா? வழக்கமாகத் துருவப் பகுதிகளில் தெரியும் ஒளி அது. காரணம், சூரியப் புயல். சுமார் 20 ஆண்டுகளில் பூமியைத் தாக்கியதிலேயே வலுவான புயல் அதுதான்.

சரி, 20 வருஷத்தில் அது பெருசு. 2,000 வருஷத்தில் எது பெருசு? சாட்டிலைட், ஜிபிஎஸ், மின்கட்டமைப்பு எல்லாவற்றையும் எவ்வளவு பெரிய அடிக்குத் தயார் செய்யணும் என்பது இந்தக் கேள்வியின் பதிலைப் பொறுத்தது.

மனிதர்களின் கணக்கு போதாதா?

போதாது. தொலைநோக்கியில் சூரியப் புள்ளிகளைப் பார்க்க ஆரம்பித்தது 1610 வாக்கில்தான். புகைப்படங்கள் இன்னும் பிந்தியவை. நம்ம கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் எடுத்து வைத்திருக்கும் சூரியப் படங்கள் உலகின் மிக நீண்ட தொடர்களில் ஒன்று. அதுவே 120 ஆண்டுதான்.

இந்தப் பதிவுகளில் பேர் வாங்கியது 1859 செப்டம்பரில் வந்த 'கேரிங்டன்' புயல். தந்திக் கம்பிகளில் தானாக மின்சாரம் பாய்ந்து, ஆபரேட்டர்களுக்கு ஷாக் அடித்தது. மும்பை கொலாபா ஆய்வகத்தின் கருவியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது பதிவாகியிருக்கு. 1989 மார்ச்சில் வந்தது அதைவிடச் சின்னது. அதற்கே கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் கரன்ட் இல்லாமல் இருந்தார்கள்.

மரத்துக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்?

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போது கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் உருவாகிறது. காற்றில் கலக்கும் அதை மரம் உள்வாங்கி, அந்த வருஷத்து வளையத்தில் சேர்த்துவைக்கும். வருஷத்துக்கு ஒரு வளையம் என்பதால், எந்த ஆண்டில் எவ்வளவு கார்பன்-14 இருந்தது என்று எண்ணிச் சொல்லலாம். அண்டார்டிகா, கிரீன்லாந்து பனிப்பாளங்களில் பெரிலியம்-10 இதே வேலையைச் செய்கிறது.

இங்கேதான் பலரும் குழம்புவாங்க. சூரியன் சுறுசுறுப்பாக இருந்தால் கார்பன்-14 கூடாது, குறையும். ஏன்னா அதன் காந்தப்புலம் குடை மாதிரி விரிந்து, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும். சூரியன் சோம்பலாக இருந்தால் குடை சுருங்கும், கார்பன்-14 கூடும். 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகளே அபூர்வமாக இருந்த காலம், மர வளையங்களில் கார்பன்-14 அதிகமான காலமாகவே தெரிகிறது. கண்ணால் பார்த்து எழுதியதும் மரம் சொல்வதும் ஒத்துப்போவதால்தான், எழுதி வைக்க ஆளில்லாத காலத்துக்கும் மரத்தை நம்ப முடிகிறது.

ஆனால் ஒரு விதிவிலக்கு. சூரியனே மிகப்பெரிய துகள் புயலை வீசினால், அந்தத் துகள்களே கார்பன்-14 உருவாக்கிவிடும். அப்போது அளவு மெதுவாக ஏறாது. ஒரே வருஷத்தில் எகிறும்.

774-ல் நடந்தது என்ன?

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஃபுசா மியாகே, யாகுஷிமா தீவின் பழைய சீடர் மரங்களின் வளையங்களை ஆண்டுவாரியாக அளந்தார். கி.பி. 774-க்கும் 775-க்கும் இடையே கார்பன்-14 சுமார் 1.2 சதவீதம் எகிறியிருந்தது. கேட்க சின்ன நம்பர்தான். ஆனால் சூரியனின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல சுமார் 20 மடங்கு அது. 2012-ல் இது வெளியானபோது, வேறு ஏதாவது நட்சத்திர வெடிப்போ என்றும் விவாதம் நடந்தது. பிறகு பனிப்பாளங்களில் பெரிலியம்-10, குளோரின்-36 இரண்டும் அதே சமயத்தில் கூடியிருந்ததும், அவற்றின் விகிதமும் சூரியனைக் கைகாட்டின.

தேடத் தேட இன்னும் கிடைத்தன: கி.பி. 993, கி.மு. 660 வாக்கில், கி.மு. 5259, கி.மு. 7176. பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியில் புதையுண்ட பைன் மரங்கள் மூலம் 2023-ல் வெளியானது சுமார் 14,300 ஆண்டுக்கு முந்தையது. இவற்றில் அதுதான் பெரியது.

இதில் கவனிக்க வேண்டியது, 1859 கேரிங்டன் புயலுக்கு மர வளையங்களில் தெளிவான தடமே இல்லை. அதை வைத்து 'கேரிங்டன் சின்னது' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மரம் பதிவு செய்வது துகள் புயலை மட்டும்தான். மின்கட்டமைப்பை வீழ்த்துவது காந்தப் புயல். இரண்டும் எப்போதும் ஒன்றாக, ஒரே அளவில் வருவதில்லை. 774-ல் துகள்கள் எவ்வளவு என்று கணிக்கலாம். காந்தப்புலம் எவ்வளவு ஆடியது என்பதை மரத்திடம் கேட்க முடியாது. சாட்டிலைட்டுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் துகள் புயல்தான் பெரிய ஆபத்து.

இனி எப்போது?

774-க்கும் 993-க்கும் இடைவெளி 219 ஆண்டு. மற்றவற்றுக்கு இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள். சராசரியாக ஆயிரம் வருஷத்துக்கு ஒன்று என்று சொல்லலாமே தவிர, அதில் அட்டவணை எதுவும் இல்லை. 'நாசா எச்சரிக்கை, இந்த வருஷம் இன்டர்நெட் காலி' என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு மர வளையங்கள் பொறுப்பில்லை.

நம் காலத்தைப் பொறுத்தவரை இந்தப் பதிவேடு ஏற்கெனவே கெட்டுப்போச்சு. 1950, 60-களில் நடந்த அணுகுண்டு சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கின. நிலக்கரி, பெட்ரோல் புகை அதை நீர்க்கச் செய்கிறது. இன்றைய சூரியனை மரத்தில் தேட முடியாது. அந்தக் கணக்கை கொடைக்கானலும், 2024 ஜனவரியில் தன் இடத்தைச் சென்றடைந்த ஆதித்யா-எல்1 மாதிரியான விண்கலங்களும்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.