4 லட்சம் கடனும் 15 ஆயிரம் சம்பளமும்

கீழப்பாவூரில் எங்கள் தெருவிலிருந்து சைக்காலஜி படித்த முதல் பெண் அவள். திருநெல்வேலியில் இளங்கலை முடித்துவிட்டாள். சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதியும் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 4 லட்சம். நான் ஊருக்குப் போயிருந்தபோது சேர்க்கைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டி, "அக்கா, லோன் போடலாமா?" என்றாள். பக்கத்தில் பீடித்தட்டை மடியில் வைத்திருந்த அவள் அம்மா, கையை நிறுத்தாமல் கேட்டார்: "படிச்சு முடிச்சா மாசம் எவ்வளவும்மா வரும்?"

நம் கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி அது. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து உளவியலாளர்கள் வரவேண்டும், சாதி தரும் காயத்தைப் புரிந்தவர்கள் எதிரில் உட்கார வேண்டும் என்று பேசுகிறோம். நானும் மேடையில் பேசியிருக்கிறேன். அப்படி வருகிறவர்களின் கட்டணத்தை யார் கட்டுவது என்று பேசியதில்லை.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 4 லட்சம், 10 விழுக்காடு வட்டி. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். முழுத்தொகையும் முதலிலேயே வாங்கியதாக வைத்துக்கொண்டால், மூன்று வருடத்தில் 5 லட்சத்து 20 ஆயிரம். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 6,870 ரூபாய். தொண்டு நிறுவனத்திலோ பள்ளியிலோ கவுன்சலராகச் சேர்ந்து 15 ஆயிரம் வாங்கினால், கிட்டத்தட்ட பாதி வங்கிக்கே போய்விடும். மீதி 8 ஆயிரத்தில் சென்னையில் அறை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது. அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நான் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் "கட்டாதுல்லா" என்றார்.

இன்னொன்றைச் சேர்க்கைக் கடிதம் சொல்லவில்லை. எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட மாட்டார். அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பு வேண்டும்; அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இத்தனை காலம் அந்த வழி எம்.ஃபில். பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில்லை நிறுத்தியபோது மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு தந்தது. பாடத்திட்டத்தின் பெயரில் 'கிளினிக்கல்' என்ற சொல் இருப்பதால் மட்டும் பதிவு கிடைக்காது. ஆக, இந்த 4 லட்சம் பாதி வழிக்கான டிக்கெட்தான். மீதி வழிக்கு இன்னொரு கடன். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு, உதவித்தொகையும் உண்டு. ஆனால் இடங்கள் சொற்பம், நுழைவுத்தேர்வும் உண்டு.

ஆள் தேவைப்படாததால் சம்பளம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வெவ்வேறு மனநலச் சிக்கல்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்றது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் கருகிய பின்னர் 2017இல் சட்டமும் வந்தது. மனநல சிகிச்சையை அது உரிமை என்றது. தேவை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நிரந்தரப் பணியிடம்தான் இல்லை. உளவியலாளருக்கும் சமூகப்பணியாளருக்கும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம்.

சென்னையில் ஒரு மணி நேர ஆலோசனைக்கு 1,500, 2,000 வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப், நல்ல தெருவில் ஒரு அறை, ஆங்கிலம், பரிந்துரைக்கத் தெரிந்த மனிதர்கள், வருமானமில்லாமல் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க அப்பாவின் வீடு எல்லாம் வேண்டும். ஒரே பட்டம்தான். ஆனால் அதன் விலை சாதிக்கு ஒரு மாதிரி. அறை வாடகைக்குக் கேட்கும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது புதிதல்ல. படிப்பு முடிந்ததும் பத்து வருடம் பரோடாவில் வேலை பார்ப்பதாக எழுதிக்கொடுத்துத்தான் 1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா போனார். 1917இல் வேலையில் சேர வந்தபோது அவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். படிப்புக்காகப் பட்ட கடமையைத் தீர்க்க வேலை வேண்டும்; அந்த வேலையில் நிற்கவிடாமல் செய்தது சாதி. ஹைதராபாத்தில் 2016இல் ரோகித் வெமுலா இறந்தபோது அவருக்கு வரவேண்டிய உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லை. பணம் ஒரு பக்கம், மனநலம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு வாதாடப் பொறுமையில்லை.

எனவே அவளிடம் நான் சொன்னது: இந்தக் கல்லூரிக்கு இந்தக் கடன் வேண்டாம். சொல்லும்போது வயிற்றைப் பிசைந்தது. நான் கடனில்லாமல் முனைவர் பட்ட ஆய்வு வரை வந்தது அரசுக் கல்லூரியாலும் உதவித்தொகையாலும். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு 'வேண்டாம்' என்று சொல்வது எளிது. நாளைக்கு இந்தத் துறையில் நம் பெண்கள் ஏன் இல்லை என்று நானே கட்டுரை எழுதினாலும் எழுதுவேன்.

வேண்டாம் என்பதோடு விடவில்லை. ஒரு வருடம் காத்திருந்து நுழைவுத்தேர்வு எழுது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. பார். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்பதால் ஆதிதிராவிடர் போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் 2018 விதிமுறை மேனேஜ்மென்ட் கோட்டா இடங்களை விலக்கிவிட்டது, ஆகவே எந்தக் கோட்டா என்று எழுத்தில் வாங்கு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றியத் தொழிலாளர் துறை தரும் கல்வி உதவி தனியாக இருக்கிறது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 7.5 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பதை வங்கியில் சொல். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு தவணை விடுப்புக் கால வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. உன் படிப்பும் கல்லூரியும் அதில் வருமா என்று கையெழுத்துக்கு முன்பே கேள்.

இதெல்லாம் ஒருத்தி தப்பிப்பதற்கான வழி. இயக்கங்கள் கேட்க வேண்டியது வேறு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மறுவாழ்வுக் குழுமம் ஏற்கும் மருத்துவ உளவியல் இடங்கள், இட ஒதுக்கீட்டோடு, பயிற்சிக்காலச் சம்பளத்தோடு. ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் நிரந்தர உளவியலாளர். தென்காசி தனி மாவட்டமானது 2019இல். மாவட்டத்துக்குப் புது ஆட்சியர் அலுவலகம் கேட்டதுபோல இதையும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

போன வாரம் அவள் போன் பண்ணினாள். வங்கிக்குப் போனாளாம். மேனேஜர் அப்பாவின் சம்பளச் சீட்டு கேட்டிருக்கிறார். அப்பா இல்லை என்றதும் அம்மாவின் பி.எஃப். புத்தகத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நர்சிங்னா போட்டுடலாம், இது என்ன படிப்பு?" என்று கேட்டிருக்கிறார். பத்து நிமிடம் விளக்கினேன் அக்கா என்றாள். சேர்க்கைக்குக் கடைசித் தேதி இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.