எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

போச்சம்பள்ளியில் 2021-இல் மின் ஸ்கூட்டர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத சாமல்பட்டியிலும் இன்று மின்வண்டி வாங்குவோர் முதலில் கேட்பது, 'எத்தனை மணி நேரத்தில் சார்ஜ் ஏறும்?' என்பதே. 'வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா?' என்பதே முதற்கேள்வியாக இருக்கவேண்டும் என்பேன்.

ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் சாதாரண பிளக்கே போதும். காருக்கு 16 ஆம்பியர் பிளக்கில் ஏறத்தாழ 3.3 கிலோவாட் கிடைக்கும். ஒன்பது மணி நேரத்தில் முப்பது யூனிட் வரை ஏறும். இரவெல்லாம் வாசலில் நிற்கும் வண்டிக்கு 32 ஆம்பியர் இழுக்கும் 7.4 கிலோவாட் பெட்டி எதற்கு?

இது பாறை மிகுந்த மாவட்டம். உப்பும் கரியும் இட்ட குழி கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பெயரளவில்தான் இருக்கும். அப்போது மின்கசிவு நேர்ந்தால், வண்டியைத் தொடும் கை வழியாகவே மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். அந்தக் கை குழந்தையுடையதாகவும் இருக்கலாம்.

ஆகவே, மீட்டர்ப் பலகையிலிருந்து தனி வயர் இழுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். எர்த்தின் மின்தடையைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். சுவர்ப்பெட்டியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். கோடையில் செடிக்கு ஊற்றும்போது, எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுங்கள்.