மழை மீது பழி போடாதே! வடிகாலைத் தூர்வாரு!



வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கிற நேரத்தில் வெள்ளத்தைப் பற்றித் தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். இதைப் பேச இதுதான் நேரம். ஐப்பசியில் இடியும் மின்னலுமாக மழை இறங்கின பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கோஷம் போட்டு என்ன பயன்? வெள்ளத்தைத் தடுக்கிற வேலை சித்திரையிலும் வைகாசியிலும் நடக்க வேண்டிய வேலை. அந்த வேலை நடக்கிறதா என்று கேட்கவே இந்தப் பிரசுரம்.

காவிரி டெல்டாவுக்கு வெள்ளம் புதிது இல்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் மழை தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களை ஏரியாக்கியது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, வயலிலேயே முளைத்தது. 2022 நவம்பர் 11-ல் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழை மறுபடியும் அறுவடைப் பயிரைச் சாய்த்தது. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலிலேயே நனைந்து முளை விட்டது. அடுத்த மாதக் கடைசியில் டிட்வா புயல் மழை இளம் சம்பாவை மூழ்கடித்தது. நட்டாலும் தண்ணி, அறுத்தாலும் தண்ணி என்பதுதான் நம் நிலைமை.

ஒவ்வொரு தடவையும் அதிகாரிகளிடமிருந்து வருவது ஒரே பதில். "வரலாறு காணாத மழை, நாங்க என்னங்க செய்யறது?"

நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். 44 செ.மீ. என்றால் ஏறக்குறைய 18 லட்சம் லிட்டர். அப்படி ஒரு மழையை எந்த வடிகாலும் ஒரே நாளில் இழுத்துவிடாது. அதை ஒப்புக்கொள்கிறோம். மழையைத் தடுக்கச் சொல்லி நாம் யாரையும் கேட்கவில்லை. நாம் கேட்பது வேறு. வயலில் நின்ற தண்ணீர் மூன்று நாளில் வடிந்ததா, பத்து நாள் நின்றதா? மூன்று நாளில் வடிந்தால் இளம் பயிர் தலை தூக்கும், கொஞ்சம் யூரியா போட்டுத் தேற்றிவிடலாம். பத்து நாள் நின்றால் வேர் அழுகிவிடும். சி.ஆர். 1009 சப்-1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகமே இரண்டு வாரம்தான் தாக்குப் பிடிக்கும். மற்ற ரகங்களைச் சொல்லவே வேண்டாம். பெய்வது வானத்தின் கையில். வடிவது அரசாங்கத்தின் கையில்.

நம் டெல்டா சமதரை. வாட்டம் மிகக் குறைவு. கடல் ஏற்றமாக இருக்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. வெண்ணாற்றுப் பகுதியில் பாசனம் கொடுக்கிற ஆறே கீழே போகப் போக வடிகாலாகவும் வேலை செய்கிறது. மேலூரில் வடித்த தண்ணீர்தான் கீழூருக்குப் பாசனம். இப்படிப்பட்ட இடத்தில் வடிகாலில் ஓரடி மண் மேவினாலும் தண்ணீர் பின்னுக்கு எதுக்களிக்கும். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மதகின் கண்ணை அடைத்தால் கேட்கவே வேண்டாம். காவிரித் தண்ணீர் கடைமடைக்குக் கடைசியில்தான் வரும். வெள்ளமோ கடைமடையை விட்டுக் கடைசியில்தான் போகும். இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவன் கடைமடை விவசாயி.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. வடிகால் அடைபட்டால் விவசாயியும் விவசாயியும் மோதிக்கொள்கிறார்கள். மேலூர்க்காரன் தன் பயிரைக் காப்பாற்ற ராத்திரியில் கரையை வெட்டி விடுகிறான். கீழூர்க்காரன் மண்வெட்டியோடு வந்து அடைக்கிறான். அடிதடி, போலீஸ், கேஸ். இரண்டு பேருமே குற்றவாளி இல்லை. தூர்வாராமல் விட்டவர்கள் ஆபீசில் உட்கார்ந்திருக்க, நாம் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறோம்.

வருஷா வருஷம் தூர்வாரப் பணம் ஒதுக்குவதாக அறிவிப்பு வரத்தான் செய்கிறது. 2017 முதல் குடிமராமத்து என்றார்கள். அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாற்று வடிகால், வேதாரண்யம் கால்வாய் இவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனும் வந்தது. ஆற்றில் வேலை நடந்த இடத்தில் நடந்தது. ஆனால் வயல் தண்ணீர் ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய சிறு வடிகால்கள் என்ன ஆயின? மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்படியிருந்தும் மே கடைசி வரை டெண்டர் இழுபடுகிறது. பொக்லைன் இறங்குவதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று எவன் அளப்பது? நம் பகுதி வடிகால் ஒன்றில் பாலத்தின் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற தூரம் மட்டும் வெட்டினார்கள். வெட்டிய மண்ணையும் கரை மேலேயே கொட்டினார்கள். முதல் மழையில் அந்த மண் திரும்ப வடிகாலுக்கே போய்ச் சேர்ந்தது. போர்டு மட்டும் நிற்கிறது.

பயிர் போன பிறகு வருகிற நிவாரணத்தையும் பார்ப்போம். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால்தான் கணக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் நெல்லுக்கு அறிவித்தது ஹெக்டேருக்கு 17 ஆயிரம். ஏக்கருக்குப் பார்த்தால் 6,900 ரூபாய் கூட இல்லை. உழவு, விதை, நடவு, களை, உரம் என்று செலவைக் கூட்டிப் பாருங்கள், எந்த மூலைக்கு? கணக்கெடுப்போ தண்ணீர் வடிந்த பிறகு ரோட்டோரம் நின்று நடக்கிறது. மேலே தழை பச்சையாகத் தெரியும், கீழே வேர் அழுகிக் கிடக்கும். வரப்பில் இறங்கிப் பிடுங்கிப் பார்த்தால்தானே தெரியும்? கோயில் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகையிலும் சாகுபடி செய்கிறவர்களுக்கு அடங்கலில் பெயர் இல்லை. பயிர் அவர்களுடையது, பணம் வேறு ஆளுக்கு.

பயிர் இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயல் மூழ்கினால் அந்தத் தனி வயலுக்கே இழப்பீடு என்ற பிரிவிலிருந்து 2018-ல் நெல்லை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கிராமம் முழுவதற்குமான மகசூல் சராசரியை நம்பியே இருக்க வேண்டியதாயிற்று. மேட்டு வயல் விளைந்தால் பள்ளத்து வயலுக்குப் பட்டை நாமம்! விவசாயிகள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2026 காரீஃப் முதல் நெல்லை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. பயிர் மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கரண்ட் இல்லாமல், செல்போன் டவர் இல்லாமல் தீவாகக் கிடக்கிற கிராமத்தில் 72 மணி நேரம் எப்படிப் போகும் என்று டெல்லிக்குத் தெரியுமா? சம்பாவுக்கான மாநில அரசு அறிவிக்கையில் இந்தப் பாதுகாப்பு இருக்க வேண்டும். கேட்காமல் எதுவும் கிடைக்காது.

நமது கோரிக்கைகள்:

1. பெரிய வடிகால் முதல் சி, டி பிரிவு வாய்க்கால் வரை மே மாதத்துக்குள் தூர்வாரி முடி! எடுத்த மண்ணை வடிகால் கரையில் குவிக்காதே!

2. வேலையின் நீளம், ஆழம், தொகையைப் பஞ்சாயத்து வாசலில் எழுதி வை! விவசாயிகள் முன்னிலையில் அளந்த பிறகே பில் கொடு!

3. வடிகால் ஆக்கிரமிப்பை, பெரிய ஆள் சின்ன ஆள் பார்க்காமல் அகற்று!

4. வயலில் இறங்கிக் கணக்கெடு! சேதப் பட்டியலைக் கிராமசபையில் படி! சாகுபடி செய்பவருக்கே நிவாரணம் கொடு!

5. சாகுபடிச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு நிவாரணத்தை உயர்த்து!

6. பயிர் மூழ்கிய தகவலை வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்தாலே இன்சூரன்சுக்குப் போதும் என்று ஆணை இடு!

ஊரிலும் நமக்கு வேலை இருக்கிறது. வடிகாலின் குறுக்கே வலைக்குப் பட்டி அடைக்கிறவர்கள், குப்பையைக் கொட்டுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஊர் கூடிப் பேசி அதை நிறுத்த வேண்டும். எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எந்த இடத்தில் மண் மேவியிருக்கிறது என்று ஊருக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியல்களோடுதான் தாலுகா அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறோம். தேதியும் நேரமும் பின் அட்டையில் உள்ளன. மேலூர், கீழூர் என்று பிரிந்து நின்றது போதும். ஒரே வடிகாலில் வாழ்கிறவர்கள் ஒரே வரிசையில் நிற்போம். பெண்களும் விவசாயத் தொழிலாளர்களும் திரண்டு வர வேண்டும். பயிர் அழுகினால் அவர்களுக்கும்தான் வேலை போகிறது.

தண்ணீர் வருமுன் தூர்வாரு!
பயிர் போகுமுன் வடிய விடு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!