இரு குதிரைகளும் ஒரு காலாளும்

நுழையும்முன்

‘இயலாது’ என்னும் சொல் பல வேளைகளில் சிந்தனைக்கு முற்றுப்புள்ளியாகிவிடுகிறது. சதுரங்கப் புதிர்களை இயற்றுவோர்க்கு அச்சொல்லே தொடக்கம். எந்நிலையில் இயலாது, எது மாறினால் இயலும் என அவர்கள் வினவுகின்றனர். அவ்வினாவின் மதிப்பை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

விதியும் அதன் காரணமும்

சதுரங்கம் பயில்வோர் அறியும் உண்மைகளுள் ஒன்று உண்டு. எதிரி அரசன் தனித்து நிற்கும்போது, அரசனோடு ஒரேயொரு யானை இருந்தாலும் அவனை வீழ்த்திவிடலாம். ஆனால், அரசனோடு இரண்டு குதிரைகள் இருந்தும் அவ்வெற்றியை வலிந்து பெற முடியாது. எதிரி தவறிழைத்தால் மட்டுமே அது கிட்டும்.

இதன் காரணத்தை ஒரு நிலையைக் கொண்டு அறியலாம். கறுப்பு அரசன் பலகையின் மூலைக் கட்டத்தில் இருக்கிறான். அதே நெடுவரிசையில், இடையில் ஒரு கட்டம் விட்டு வெள்ளை அரசன் நிற்கிறான். மூலையைச் சுற்றியுள்ள மூன்று கட்டங்களுள் இரண்டை வெள்ளை அரசனே காத்துவிடுகிறான். எஞ்சியிருப்பது விளிம்பிலுள்ள ஒரு கட்டம். ஒரு குதிரை முற்றுகையிட்டால் கறுப்பு அரசன் அக்கட்டத்திற்கு நழுவிவிடுவான். அவ்வழியை முதலில் மற்றொரு குதிரையால் அடைத்தால், முற்றுகையே இல்லாமல் அவன் நகர இடமின்றி நிற்பான். சதுரங்க விதிப்படி அது ‘ஸ்டேல்மேட்’, ஆட்டம் சமனாகும். வெள்ளைக்குத் தேவைப்படுவது இன்னும் ஒரே ஒரு நகர்த்தல். அதற்குரிய முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

துணையே பகையாதல்

இதே நிலையில் கறுப்பு அரசனுக்குத் தொலைவில் ஒரு காலாள் இருப்பதாகக் கொள்வோம். பொதுவாக ஒரு காய் கூடுதலாக இருப்பது வலிமையைத் தரும். இங்கோ நேர்மாறாக நிகழ்கிறது. ஒரு குதிரை வழியை அடைத்ததும் அரசனால் நகர முடியாது. ஆயினும் காலாளால் நகர முடியும். ஆகவே ஆட்டம் சமனாகாது. கறுப்பு காலாளை நகர்த்தியே ஆக வேண்டும். அந்த ஒரு நகர்த்தலுக்குள் மற்றொரு குதிரை பாய்ந்து ‘செக்மேட்’ எனும் இறுதி முற்றுகையை நிகழ்த்திவிடுகிறது. காலாள் இல்லாதிருந்தால் பிழைத்திருக்கும் அரசன், காலாள் இருந்ததால் வீழ்கிறான். இரு குதிரைப் புதிர்கள் பலவற்றின் சுவை இம்முரணில்தான் பிறக்கிறது.

இம்முரணை விரிவாக ஆராய்ந்தவர் உருசியாவின் அலெக்சி ட்ராய்ட்ஸ்கி (1866–1942). வனப் பணியாளராக வாழ்ந்த அவர், சதுரங்க இறுதிநிலைப் புதிர்களை இயற்றுவதில் பெரும்புகழ் பெற்றவர். ஒரு குதிரை காலாளின் முன் நின்று அதனைத் தடுக்க, அரசனும் மற்றொரு குதிரையும் எதிரி அரசனை மூலைக்குத் துரத்த வேண்டும். உரிய வேளையில் தடுத்து நின்ற குதிரை விலகி வந்து வேட்டையில் இணைய வேண்டும். காலாள் எந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் இவ்வாறு தடுக்கப்பட்டால் வெற்றி உறுதி என்பதை ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அவர் கண்டறிந்தார். அவ்வெல்லை இன்றும் ‘ட்ராய்ட்ஸ்கி கோடு’ என்றே வழங்கப்படுகிறது. இரண்டாம் உலகப்போரின்போது, முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடு நகரில் பசியால் அவர் மறைந்தார்.

பயன் என்னும் கேள்வி

இத்தகைய ஆய்வால் பயன் என்ன என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி புறந்தள்ளத்தக்கதன்று. போட்டிகளில் இந்நிலை மிக அரிதாகவே தோன்றுகிறது. தோன்றினாலும், சில நிலைகளில் வெற்றிக்கு 115 நகர்த்தல்கள் வரை தேவைப்படும். காலாள் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் 50 நகர்த்தல்கள் கடந்தால் சமன் கோரலாம் என்பது போட்டி விதி. எனவே, ஏட்டில் உறுதியான வெற்றி பலகையில் கைகூடாமலும் போகலாம்.

எனினும், உடனடிப் பயனை மட்டுமே அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. பிற்காலத்தில் கணினிகள் இறுதி முற்றுகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இந்நிலைகள் அனைத்தையும் பட்டியலிட்டன. கைப்பட ஆராய்ந்த அம்மனிதரின் முடிவுகள் வியக்கத்தக்க அளவு சரியானவை என்பது அப்போது தெளிவாயிற்று. எந்திரம் சரிபார்க்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லாத காலத்திலேயே, பிழையின்றிச் சிந்திக்க ஒருவர் முயன்றார் என்பதே இதில் போற்றத்தக்கது.

மாணவர்க்கு இப்புதிர்கள் தரும் பயிற்சியும் அதுவே. ‘இரு குதிரைகளால் வெல்ல முடியாது’ என்று மனப்பாடம் செய்தவர் விதியை மட்டும் அறிவார். ‘எதிரிக்கு நகர்த்த வேறு காய் இல்லாதபோது வெல்ல முடியாது’ என்று உணர்ந்தவர் அதன் காரணத்தையும் அறிவார். முன்னவர், காலாள் ஒன்று பலகையில் இருக்கும்போதும் சமனுக்கு உடன்பட்டு எழுந்துவிடுவார். பின்னவர் அமர்ந்து, காலாள் நிற்கும் கட்டத்தை எண்ணிப் பார்ப்பார். கணக்கிலும் அறிவியலிலும் வாழ்விலும் எதிர்ப்படும் ஒவ்வொரு ‘இயலாது’ என்னும் சொல்லுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்நிபந்தனையைக் கேட்டறியும் பழக்கத்தை 64 கட்டங்களுக்குள் கற்றுத்தரும் புதிரை, வீண்பொழுது எனக் கூறுதல் தகாது.