களவு போன சைக்கிளும் மலிவாய் வாங்கும் கைகளும்

நெதர்லாந்தின் வடகடற்கரையில், மணற்குன்றுகளுக்குப் பின்னே அமைந்த ஒரு முகாம்வெளியில் 2023 ஆம் ஆண்டின் கோடையில் ஐந்து நாட்கள் தங்கியிருந்தேன். அந்நாட்டில் வாழும் என் தங்கையின் குடும்பத்தினர் வாடகைக்கு ஒரு கரவன் எடுத்திருந்தார்கள். அதன் தாங்கியில் நான்கு துவிச்சக்கர வண்டிகள். அவற்றுள் இரண்டு பற்றரியில் ஓடுபவை. தங்கையும் மைத்துனரும் இரண்டு வருடங்களாகச் சேமித்து வாங்கியவை.

மூன்றாம் நாட்காலை எழுந்து பார்த்தபோது தாங்கி மட்டுமே எஞ்சியிருந்தது. நான்கு வண்டிகளையும் சேர்த்துப் பூட்டியிருந்த, பிளாஸ்ரிக் உறை போர்த்த கம்பிவடப் பூட்டு இரண்டாக வெட்டப்பட்டுப் புல்லின்மீது கிடந்தது. எட்டடி தள்ளி ஐந்து பேர் உறங்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் காதிலும் சிறு ஓசைகூட விழவில்லை.

முகாம் அலுவலகத்திற்குச் சென்றோம். “உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற அறிவிப்புப் பலகையைக் கைகாட்டினார்கள். பொலிஸாருக்கு இணையவழி முறைப்பாடு செய்தோம். ஒரு முறைப்பாட்டு இலக்கம் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. “இன்சூரன்ஸ் இருக்குத்தானே மாமா, ஏன் யோசிக்கிறியள்?” என்று மருமகன் என்னைத் தேற்றினான். காப்புறுதி நிறுவனமோ, பூட்டு அங்கீகரிக்கப்பட்ட தரத்தில் இல்லை என்று கூறிக் கையை விரித்துவிட்டது. அந்நாட்டில் துவிச்சக்கர வண்டிக்குக் காப்புறுதி பெறுவோர் ‘ஏ.ஆர்.ரி’ தரச்சான்று பெற்ற பூட்டைப் பாவிக்கவேண்டும் என்பதும், களவு போனால் வண்டியோடு கிடைத்த இரண்டு திறப்புகளையும் ஒப்படைக்கவேண்டும் என்பதும் வழமையான நிபந்தனைகள். ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. யார் வாசித்தார்கள்?

இவை எவையும் என்னை எழுதத் தூண்டவில்லை. இரண்டு நாள் கழித்து அதே மருமகன் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். ஒரு விளம்பரம். களவு போனதைப் போன்றதொரு மின்வண்டி, கடை விலையின் காற்பங்குக்கு. பற்றுச்சீட்டு இல்லை, பற்றரிக்கு மின்னேற்றும் கருவி இல்லை, திறப்பு ஒன்றே ஒன்று. “நல்ல மலிவு மாமா!” என்றான்.

இக்கட்டுரை அந்த ஒரு வசனத்திற்கான பதில்.

முதலில் நம் கவனயீனத்தைப் பேசிவிடுவோம். வீட்டிலே இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுப் படுக்கும் மனிதர், முகாமுக்கு வந்ததும் உலகமே உறவாகிவிட்டதைப் போல நடந்துகொள்கிறார். அயலவர் சிரிக்கிறார், சிறுவர்கள் ஓடித் திரிகிறார்கள், ஆகவே பயமில்லை என்பது அவருடைய தர்க்கம். முகாம்வெளி என்பது எவரும் நடந்து திரியக்கூடிய, எவரும் எவரையும் அறியாத, வாரந்தோறும் குடிகள் மாறும் ஊர் என்பதை அவர் எண்ணிப்பார்ப்பதில்லை. கள்ளனுக்கு இதைவிட வசதியான இடம் வேறென்ன இருக்கமுடியும்?

பூட்டு என்பது களவை இல்லாமற் செய்யும் கருவியல்ல. கள்ளனின் நேரத்தைத் தின்னும் கருவி. கம்பிவடப் பூட்டைக் கைக்குள் அடங்கும் குறடு சில விநாடிகளில் வெட்டிவிடும். தரமான ‘யூ’ வடிவ உருக்குப் பூட்டோ, கடினப்படுத்திய உருக்குச் சங்கிலியோ அவ்வளவு எளிதில் மசியாது. பற்றரியில் இயங்கும் கிரைண்டர் வேண்டும். அது எழுப்பும் ஓசை முகாமையே எழுப்பிவிடும். பிரித்தானியாவில் 1992 முதல் இயங்கிவரும் ‘சோல்ட் செக்கியூர்’ அமைப்பு பூட்டுகளைச் சோதித்துத் தரப்படுத்துகிறது. ஆனால், பெயருக்கும் விலைக்கும் மயங்கிவிடவும் கூடாது. ‘கிரிப்டோனைற்’ என்ற பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனத்தின் உருளைத்திறப்புப் பூட்டுகளைச் சாதாரண போல்பொயின்ற் பேனையின் குழாயால் திறந்துவிடலாம் என்பது 2004 இல் அம்பலமானது. நிறுவனம் அவற்றை மீளப்பெற்று மாற்றிக்கொடுக்க நேர்ந்தது.

நல்ல பூட்டு இருந்தாலும் அதை எதனோடு பூட்டுகிறோம் என்பது முக்கியம். சில்லை மட்டும் பூட்டினால் சில்லு மட்டுமே மிஞ்சும். வண்டியின் சட்டத்தை, கரவனின் அடிச்சட்டத்தோடோ நிலத்தில் இறுக்கிய கொளுவியோடோ பிணைக்கவேண்டும். தாங்கியோடு பிணைப்பதிற் பயனில்லை. தாங்கியே நான்கு ஆணிகளில் நிற்பது, ஒரு ஸ்பனர் போதும். தாங்கியில் வண்டியை இறுக்கும் பட்டி ஓட்டத்திற்கானதே அன்றிப் பூட்டு அல்ல. இரவில் பற்றரியைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளவேண்டும். பற்றரியில்லாத மின்வண்டி கள்ளனுக்குப் பாதி விலையும் பெறாது. கூடாரத்தின் சிப்பிலே சிறு பூட்டுப் போடுவது, இதனுள்ளே பெறுமதியான பொருள் இருக்கிறது என்று விளம்பரம் செய்வதற்கு ஒப்பானது. துணியைக் கிழிக்க ஒரு கத்தி போதும். கரவனின் முகப்புக் கூடாரத்தில் விட்டுவைக்கும் அடுப்பு, கதிரை, குளிர்ப்பெட்டி முதலியவற்றைப் ‘பூட்டிய இடத்தில் இருந்தவை’ என்று ஏற்காத காப்புறுதிகளும் உண்டு.

இவை யாவும் அவசியமானவை. ஆயினும் இவற்றோடு நின்றுவிடுபவர்களோடு எனக்குக் கடுமையான முரண்பாடு உண்டு. “கவனமாக இருங்கள்” என்று சொல்லித் தம் கடமையை முடித்துக்கொள்ளும் பொலிஸாரும், பலகை நட்டுத் தப்பித்துக்கொள்ளும் முகாம் நிர்வாகமும், முழுச் சுமையையும் பறிகொடுத்தவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். பூட்டுக்குப் பூட்டு, கிரைண்டருக்குக் கிரைண்டர் என்று இந்தப் போட்டி முடிவின்றி நீளும். கள்ளன் துவிச்சக்கர வண்டியை ஓடி மகிழ்வதற்காக எடுப்பதில்லை, விற்பதற்காகவே எடுக்கிறான். விற்கமுடியாத பொருளை எவனும் இரவில் கண்விழித்துக் களவெடுக்கமாட்டான்.

கரவனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் இழுவைக் கரவன்களுக்கு அரசாங்கத்தின் தனியான பதிவு கிடையாது. அதனால் அத்தொழிற்றுறையினரே 1992 இல் ‘கிறிஸ்’ எனப்படும் பதிவேட்டை ஏற்படுத்தி, 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள இலக்கத்தைக் கரவனின் கண்ணாடிகளிலும் பொறித்தார்கள். பாவித்த கரவனை வாங்க விரும்புபவர் அந்த இலக்கத்தைக் கொடுத்து, அது களவுப்பொருளா என்று விசாரித்தறியலாம். அந்தக் கரவனின் முதுகில் தொங்கும் துவிச்சக்கர வண்டிக்கும் ஓர் இலக்கம் உண்டு. பெரும்பாலும் பெடல் அச்சுப் பொருந்தும் பகுதியின் அடியிலே பொறிக்கப்பட்டிருக்கும். எத்தனை பேர் அதைக் குனிந்து பார்த்திருக்கிறோம்? என் தங்கை குடும்பத்தின் நான்கு வண்டிகளில் ஒன்றின் இலக்கந்தானும் எவரிடமும் இருக்கவில்லை. முறைப்பாட்டில் எழுதியதெல்லாம் “கறுப்பு நிறம், முன்னே கூடை” என்பதுதான். கறுப்பு நிறமும் முன்னே கூடையும் உள்ள வண்டிகள் நெதர்லாந்தில் எத்தனை இலட்சம் இருக்கும்! மக்கள்தொகையைவிடத் துவிச்சக்கர வண்டிகள் அதிகமான நாடு அது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. உள்ளூராட்சிச் சபைக்கு வரி செலுத்திப் பெற்ற சிறு தகடும், றங்குப்பெட்டியின் அடியில் பத்திரப்படுத்திய கடைப் பற்றுச்சீட்டும் நமக்கு நினைவிருக்கும். எரிபொருளே வந்துசேராத தொண்ணூறுகளில், நோயாளியும் விறகும் அகதியின் மூட்டையும் றலியிலும் ஹம்பரிலும் லுமாலாவிலுமே பயணம் செய்தன. அன்று ஒரு வீட்டில் சைக்கிள் களவு போவது ஏறக்குறைய இழவுக்குச் சமம். அந்த மக்கள்தாம் இன்று ஐரோப்பாவில், அதைவிட நூறு மடங்கு விலையுள்ள வண்டியின் இலக்கத்தை ஒரு கடதாசியில் குறித்துவைக்க நேரமில்லை என்கிறோம்.

அரசுகளும் விழித்துக்கொண்டு வருகின்றன. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல், விற்பனையாளர்கள் விற்கும் புதிய துவிச்சக்கர வண்டிகள் ஒவ்வொன்றிலும் அடையாள இலக்கம் பொறித்துத் தேசியப் பதிவேட்டில் சேர்ப்பது கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல், அவர்கள் விற்கும் பாவித்த வண்டிகளுக்கும் இது பொருந்தும். நெதர்லாந்துப் பொலிஸாரின் ‘ஸ்டொப்ஹேலிங்’ என்னும் இலவசச் சேவையில் சட்ட இலக்கத்தை இட்டால், அது களவு போனதாகப் பதிவானதா என்று அறியலாம். ஆனால் இந்தப் பதிவேடுகள் எல்லாம் ஒரேயொரு கேள்வியை நம்பியே இருக்கின்றன: வாங்குபவர் இலக்கத்தைக் கேட்கிறாரா, இல்லையா?

இங்கேதான் நம்மவர்கள் என்மேல் சினங்கொள்ளக்கூடும். “எல்லோரும் வாங்குகிறார்கள், நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார்” என்பார்கள். அம்ஸ்ரடாமில் தொண்ணூறுகளில் போதைக்கு அடிமையானவர்கள் பாலங்களருகே நின்று சில்லறைக் காசுக்குத் துவிச்சக்கர வண்டி விற்றார்கள். நேற்றுப் பறிகொடுத்தவர் இன்று அங்கே போய் வாங்கினார். அவர் வாங்கியது இன்னொருவர் பறிகொடுத்தது. இப்படி ஊரே தன் பொருளைத் தானே களவெடுத்துத் தனக்கே விற்றுக்கொண்டிருந்தது. களவுப்பொருள் என்று நியாயமாகச் சந்தேகித்திருக்கவேண்டியவர் சந்தேகிக்காமல் வாங்கினாலும், அந்நாட்டுச் சட்டத்தின்படி அது குற்றமே.

“வசதியில்லாதவர் என்ன செய்வது?” என்ற கேள்வி நியாயமானது. பாவித்ததை வாங்குவதில் எந்த இழுக்கும் இல்லை. நானும் அப்படி வாங்கியவன்தான். இலக்கத்தைக் கேளுங்கள், பற்றுச்சீட்டைக் கேளுங்கள், இரண்டாவது திறப்பைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். கேட்பதற்குக் காசு செலவாவதில்லை.

வித்தோரியோ டி சிக்கா 1948 இல் இயக்கிய ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியத் திரைப்படம் பலருக்கு நினைவிருக்கும். வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுத்தவன், மகனையும் அழைத்துக்கொண்டு உரோமாபுரியின் சந்தையிலே குவிந்து கிடக்கும் சட்டங்களுக்கும் சில்லுகளுக்கும் இடையில் தேடி அலைகிறான். ஒரு சட்டத்தின் இலக்கத்தைப் பொலிஸ்காரரை அழைத்துச் சரிபார்க்கவும் செய்கிறான். ஈற்றில் அவனே இன்னொருவனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். மகன் அதைப் பார்க்கிறான். அவனைத் துரத்தியது வறுமை. நம்மை எது துரத்துகிறது? காற்பங்கு விலையா?

மருமகனுக்கு நான் நீண்ட புத்திமதி சொல்லவில்லை. “சட்ட இலக்கத்தைக் கேட்டு எழுது, களவில்லை என்றால் வாங்கு” என்று மட்டும் சொன்னேன். எழுதினான். பதில் வரவில்லை. மறுநாள் அந்த விளம்பரத்தையும் காணவில்லை. வேறு எவரோ, இலக்கம் கேட்காத ஒருவர், வாங்கியிருக்கலாம்.

அடுத்த கோடைக்குக் கரவனைக் கொளுவுமுன், தயவுசெய்து வண்டியைத் தலைகீழாகப் புரட்டி அதன் இலக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். நல்ல பூட்டொன்றை வாங்குங்கள். அதன்பின்னர், மலிவாக ஒன்று கண்ணில் படும்போது, வெட்டுண்டு புல்லிலே கிடந்த அந்தப் பூட்டையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.