இளையோர் இதழில் எதை எழுதுவது?

நம் குடந்தையில் மேனிலைப் பள்ளி மாணவர்க்கென ஓர் இதழ் தொடங்கினால் எதை எழுதுவது? கணிதமேதை இராமானுஜனை என்பார்கள் நண்பர்கள். எழுதட்டும். ஆனால், 1904இல் உதவித்தொகையோடு நம் கல்லூரியில் சேர்ந்தவர் பிற பாடங்களில் தவறி அதை இழந்ததையும், 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனதையும் மறைக்காமல் எழுத வேண்டும். தேர்வில் தவறிய மாணவனுக்கு அவர் புகழைவிட அந்தச் செய்திதான் தேவை.

அடுத்து, கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புவது எப்படி என்று ஒரு கட்டுரை. சிரிக்காதீர்கள். விவரம் கேட்க எங்கள் தெருவில் பட்டதாரி எவருமில்லை. வேதியியல் படிக்க எண்ணிப் போனேன். கணினி மையத்துக்காரர் முதல் விருப்பமாக இயற்பியலைத் தட்டிவிட்டார். இன்று இயற்பியல் மாணவன் நான். (அது பிடித்துப்போனது வேறு கதை.)

சினிமா இல்லாமல் இதழ் விற்காதாம். சரி, கடைசிப் பக்கத்தில் போடுங்கள்.