அம்மா தட்டிய ஒரு வார்த்தை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியிலிருந்து அம்மா போன்.

"தம்பி, கம்ப்யூட்டர் வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு. உள்ளயே போக மாட்டேங்குது."

நான் புனேயில். பொட்டி ஊரில். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த புண்ணியவான் நானேதான், அதனால் வேறு யாரையும் திட்ட முடியாது. :-)

அந்த வட்டம் ஒரு திரைச்சீலை. பின்னால் கெர்னல் வரிவரியாகத் தான் செய்வதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. 'கொயட்', 'ஸ்ப்ளாஷ்' என்று இரண்டு வார்த்தைகளைப் பூட் வரியில் போட்டு அதன் வாயை மூடியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்றுதான். ஆனால் பொட்டி மக்கர் செய்யும் நாளில் அந்த அழகை வைத்து என்ன செய்ய?

எஸ்கேப் அழுத்தி கிரப் மெனுவை வரவழைத்து, 'இ' தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரிக்குப் போய், அந்த இரண்டு வார்த்தைகளையும் அழிக்கச் சொன்னேன். அம்மா ரிட்டயர்ட் டீச்சர், எழுத்துக்கூட்டிச் சொன்னால் போதும். கண்ட்ரோல் எக்ஸ் அடித்ததும் எழுத்துகள் ஓடின. நின்ற இடத்தில் கடைசி வரியைப் படித்தார்: கிராபிக்ஸ் டிரைவரின் பெயர். அடுத்த தடவை 'நோமோட்செட்' சேர்க்கச் சொன்னேன். மறுபடி அதே இடத்தில் நின்றது. அரை மணி நேரம் மண்டையை உடைத்தபின்தான் தெரிந்தது, நடுவில் ஒரு 'இ' விட்டுப் போயிருந்தது. தெரியாத வார்த்தையைப் பழைய கெர்னல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். 2021 முதல் வந்த கெர்னல்கள் "இந்த வார்த்தை எனக்குத் தெரியாது" என்று ஒரு வரியாவது சொல்கின்றன. சரியாக அடித்ததும் பொட்டி எழுந்தது. எழுத்துகள் பெரிசு பெரிசாக, ஆனால் எழுந்தது.

இப்படி மாற்றுவது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். தப்பாகிப் போனால் மறுபடி ஆன் செய்தால் பழையபடி. அறுபது வயதைத் தாண்டியவரிடம் போனில் தைரியமாகச் சொல்ல முடிகிற வைத்தியம் இது ஒன்றுதான்.

இதைச் சொல்ல வந்த காரணம் வேறு. நான் டிவைஸ் டிரைவர் எழுதிப் பிழைப்பவன். என் டிரைவரில் பிழை தேடும் வரிகள் ஏராளம், எல்லாம் கம்பைல் செய்யும்போது போடும் 'டீபக்' சுவிட்சுக்குள். அதை இயக்க வேண்டுமானால் புதிதாகக் கம்பைல் செய்து, எடுத்துப் போய், நிறுவ வேண்டும். எங்கோ ஒரு ஊரில் பூட் ஆகாமல் நிற்கும் பொட்டியில் அதை யார் செய்வது? எங்கம்மாவா?

என் கருத்து இதுதான்: டீபக் வசதி எதுவானாலும் ஏற்கெனவே மக்கள் கையிலிருக்கும் கெர்னலிலேயே தூங்கிக் கிடக்கட்டும். பூட் வரியில் ஒரு வார்த்தை தட்டினால் விழிக்கட்டும். எழுதுவதும் பெரிய வேலை இல்லை. டிரைவர் என்றால் 'மாட்யூல்_பாரம்' என்று ஒரு வரி. கெர்னலின் உட்பகுதி என்றால் 'ஏர்லி_பாரம்' மாதிரி ஒரு மேக்ரோ, கூடவே சின்னதாக ஒரு ஃபங்ஷன். வெறும் செய்தி வரிகளுக்கு அதுகூட வேண்டாம். 'டைனமிக் டீபக்' உள்ள கெர்னலில் 'பிஆர்_டீபக்' என்று எழுதிவிட்டால், டிரைவர் பெயரோடு 'டைன்டிபிஜி' சேர்த்துப் பூட்டிலேயே திறந்துவிடலாம். 'இனிட்கால்_டீபக்' பாருங்கள்: ஒவ்வொரு தொடக்க வேலையின் பெயரையும் அது எடுத்த நேரத்தையும் அச்சடிக்கும். கடைசியாகத் தொடங்கி முடியாமல் நிற்பது எதுவோ, பெரும்பாலும் அங்கேதான் வியாதி.

"சும்மா கிடந்தாலும் வேகம் குறையுமே" என்பார்கள். அந்தக் காலத்துக் கவலை. 'பேஜ்_ஓனர்' எந்த நினைவகப் பக்கத்தை எந்தக் கோடு வாங்கியது என்று குறித்து வைக்கிற வசதி. அணைந்திருக்கும்போது அதன் சோதனை இருக்கும் இடத்தில் ஒன்றும் செய்யாத ஒரு கட்டளைதான் இருக்கும், கேட்டால் மட்டும் அது மாற்றி எழுதப்படும்.

நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. வார்த்தைகள் பெருகினால் மோதும். 2014 ஏப்ரலில் அது நடந்தது. கெர்னலுக்கான 'டீபக்' என்ற வார்த்தையை சிஸ்டம்டியும் படித்துவிட்டு, பொட்டியே எழ முடியாத அளவுக்குக் கெர்னல் பதிவேட்டில் எழுதித் தள்ளியது. கோபத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் சிஸ்டம்டி உருவாக்குநர் ஒருவரின் கோடை இனிமேல் சேர்க்க மாட்டேன் என்றே எழுதினார். பொதுவான வார்த்தையை யாரும் தனக்கென்று எடுத்தால் இதுதான் கதி. டிரைவரின் பெயரை முன்னால் ஒட்டி வைத்தால் இந்தச் சண்டை வராது. புது வார்த்தையைக் கெர்னல் ஆவணத்தில் எழுதாமல் விடுவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய பாவம்.

மறுநாளே என் டிரைவரில் அந்தச் சுவிட்சைப் பிடுங்கிவிட்டு மாற்றி எழுதினேன். "இதை யார் பயன்படுத்தப் போறாங்க?" என்று ரிவ்யூவில் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் போடவில்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா 'நோமோட்செட்'டை எழுதி, விட்டுப் போன 'இ'யைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாராம்.